கஞ்சி போட்ட ரொட்டி

ஓடிஜி என்கிற சின்ன மின்சார அடுப்பின் கதவுக் கண்ணாடி உடைந்த சத்தத்தில், ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து சமையலறை வாசலுக்கே வந்துவிட்டார். உள்ளே சூடு 240 டிகிரி. அடித்தட்டில் காய்ந்துகொண்டிருந்த இரும்புச் சட்டியில் கொதிநீர் ஊற்றப் போனேன். கெட்டிலின் மூக்கிலிருந்து நாலு சொட்டு வழிந்து கண்ணாடியில் விழுந்தது. நாலே சொட்டுதான். அத்தனை கண்ணாடியும் கற்கண்டு கற்கண்டாகத் தரையில் உதிர்ந்தது.

"என்னடா பண்றே?"

"ரொட்டி சுடறேன்பா."

"முக்குக் கடைல நாப்பத்தஞ்சு ரூபாய்க்குக் கிடைக்குதே அது."

கிடைக்கிறதுதான். ஆனால் அது பஞ்சு. நான் தேடியது, உடைத்தால் சட்டையெல்லாம் துகள் கொட்டுகிற ரொட்டி. பகெத் என்கிற நீளமான பிரெஞ்சு ரொட்டி.

வேலை நிமித்தமாக இரண்டு வருடம் பாரிஸில் இருந்தேன். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் வீடு. சாயங்காலம் ஆறரை மணிக்கு மெட்ரோவிலிருந்து ஏறி வந்தால் ரொட்டிக் கடை வாசலில் வரிசை நிற்கும். காலையில் ஒரு வரிசை, சாயங்காலம் ஒரு வரிசை. காலையில் வாங்கியதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளக் கூடாதா, எதற்கு இரண்டு நடை என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. முன்னால் நிற்கிற பாட்டி "பா த்ரோ கியித்" என்பார், அதிகம் வேகாததாகக் கொடு என்று. அடுத்து நிற்பவர் "பியென் கியித்" என்பார், நன்றாகச் சிவந்தது வேண்டும். நம் ஊர் ஹோட்டலில் முறுகலா, சாதாவா என்று சொல்வதில்லையா, அப்படி. கடைக்காரம்மா ஒரு சின்னத் தாளை நடுவில் மட்டும் சுற்றித் தருவார். கடையை விட்டு வெளியே வந்து பத்தடி போவதற்குள் எல்லோரும் முனையை ஒடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள். கோட்டு சூட்டு போட்டவர், பள்ளிக்கூடப் பையை மாட்டிய பிள்ளை, யாரும் விதிவிலக்கில்லை. முனை போகாத ரொட்டி வீடு போய்ச் சேர்ந்து நான் பார்த்ததே இல்லை.

ஒரு மாதம் கழித்துத்தான் வரிசையில் நிற்பவர்கள் "பகெத்" என்று கேட்பதில்லை, "ட்ரடிசியோன்" என்று கேட்கிறார்கள் என்பது காதில் விழுந்தது. இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டாவது இருபது முப்பது சென்ட் கூட. அதன் பின்னால் ஒரு சட்டமே இருக்கிறது. 1993 செப்டம்பர் 13 அன்று வந்த அரசாணை. கோதுமை மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்த மாவு, அவ்வளவுதான் சேர்க்கலாம். போனால் போகட்டும் என்று அவரை வகை மாவு 2 சதவீதம், சோயா மாவு 0.5 சதவீதம், முளைகட்டிய கோதுமை மாவு 0.3 சதவீதம் வரை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். எந்தக் கட்டத்திலும் உறைய வைக்கக் கூடாது. இப்படிச் செய்தால்தான் "பிரெஞ்சுப் பாரம்பரிய ரொட்டி" என்ற பெயரில் விற்கலாம்.

ஒரு ரொட்டிக்கு அரசாணை எதற்கு என்றால், அதற்கு முந்தைய முப்பது நாற்பது வருடங்களில் அவர்களே அதைக் கெடுத்து வைத்திருந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேகமாகச் சுற்றும் பிசையும் இயந்திரங்கள் வந்தன. கூடவே அவரை வகை மாவும். வேகமாகப் பிசையப் பிசைய மாவுக்குள் காற்று ஏறி, மாவின் இளமஞ்சள் நிறம் வெளுத்துப் போகும். அந்த மஞ்சளோடு மணமும் போய்விடும். வெள்ளையாக, பெரிதாக உப்பி, வாயில் வைத்தால் ஒன்றுமில்லாத ரொட்டி. ரொட்டி வாத்தியார் ரேமோன் கல்வெல் இதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். 1974-இல் அவர் ஒரு வழியும் சொன்னார். மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அரை மணி நேரம் சும்மா விடு, அதற்கப்புறம் உப்பும் ஈஸ்டும் சேர்த்துக் கொஞ்சமாகப் பிசை. இதற்கு "ஓட்டோலிஸ்" என்று பெயர். படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. சப்பாத்தி மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைக்காத வீடு நம் ஊரில் உண்டா? சும்மா கிடக்கிற நேரத்தில் மாவு தானாகவே இழுபடத் தொடங்கிவிடும் என்பது அம்மாவுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே தெரியும்.

பகெத் என்றால் குச்சி. நெப்போலியனின் சிப்பாய்கள் கால்சட்டைக்குள் செருகிக்கொள்ள வசதியாக நீளமாகச் செய்தார்கள், மெட்ரோ சுரங்கத் தொழிலாளர்கள் கத்தி இல்லாமல் பிய்த்துத் தின்பதற்காகச் செய்தார்கள் என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன. கேட்டுவிட்டு விட்டுவிடலாம். காகிதத்தில் இருப்பது 1920: பாரிஸ் அடங்கிய சேன் மாவட்டத்தின் ஓர் ஒழுங்குமுறை, பகெத்தின் எடை குறைந்தது 80 கிராம், நீளம் அதிகபட்சம் 40 சென்டிமீட்டர், விலை 0.35 பிராங்குக்கு மேல் போகக் கூடாது என்கிறது. இந்த 40 சென்டிமீட்டரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு உதவப் போகிறது. 2022 நவம்பர் 30 அன்று யுனெஸ்கோ பகெத் செய்யும் கைத்திறனையும் அதைச் சுற்றியுள்ள பழக்கவழக்கங்களையும் மரபுப் பட்டியலில் சேர்த்தது.

அதற்கு அடுத்த வருடம்தான் நம் ஆட்கள் எல்லோரும் வாட்ஸாப்பில் அனுப்பிக்கொண்ட அந்தச் செய்தி வந்தது. பாரிஸ் மாநகராட்சி வருடா வருடம் சிறந்த பகெத்துக்கு ஒரு போட்டி நடத்துகிறது. வெல்பவருக்கு 4000 யூரோ, கூடவே ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகையான எலிசேவுக்கு ரொட்டி கொடுக்கும் உரிமை. 2023-இல் வென்றவர் இலங்கையிலிருந்து 2006-இல் பிரான்ஸ் போன தர்ஷன் செல்வராஜா. 20ஆம் வட்டாரத்தில் கடை. அடுத்த வருடம் ஒலிம்பிக் சுடரையும் ஏந்தி ஓடினார். ஈழத்து நண்பர்கள் அனுப்பிய செய்திகளில் "சிறந்த பாண்" என்றே இருந்தது. அவர்களுக்கு ரொட்டி என்றால் வேறு, இது பாண். போர்த்துகீசியர் விட்டுச் சென்ற சொல். பிரெஞ்சுக்காரர்கள் ரொட்டியைச் சொல்கிற "பேன்" என்பதும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான். யாழ்ப்பாணத்தில் பாண் வாங்கித் தின்ற பிள்ளை பாரிஸில் பாண் சுட்டு ஜனாதிபதிக்குக் கொடுத்தார் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஊர்ப் பெயரை ஆசையில் எழுதியிருக்கலாம், எனக்கு நிச்சயமில்லை.

சரி, சென்னை நங்கநல்லூருக்கு, என் வீட்டுச் சமையலறைக்கு வருவோம்.

முதலில் மாவு. பிரெஞ்சு மாவு கிடைத்தால்தான் ஆகும் என்று பல மாதம் தள்ளிப் போட்டேன். தேவையே இல்லை. அவர்கள் பயன்படுத்தும் டி65 மாவு ஒன்றும் பயில்வான் மாவு இல்லை. எரித்தால் மிஞ்சும் சாம்பலின் அளவை வைத்துப் போட்ட எண் அது. 100 கிராமுக்கு ஏறக்குறைய 0.65 கிராம். அதாவது தவிடு இவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். புரதம் நம் மைதாவை விட வெகுவாக அதிகம் இல்லை. மைதாவில் குறைவது பலம் இல்லை, தவிட்டின் மணம். 360 கிராம் மைதாவோடு, மெஷினில் அரைத்து வந்த கோதுமை மாவை நன்றாகச் சலித்து 40 கிராம் சேர்த்தேன். பிரச்சினை தீர்ந்தது. கல்லில் அரைபட்ட மாவு தண்ணீரை அதிகம் குடிக்கும், அதனால் தண்ணீர் 270 கிராம். உப்புக்கு கிலோவுக்கு 18 கிராம் என்ற கணக்குப்படி 7 கிராம். ஈஸ்ட் கால் டீஸ்பூன், அதையும் தலைதட்டி. நம் ஊர் வெயிலுக்கு அதுவே ஜாஸ்தி. தராசு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம். கப் கணக்கில் பாயசம் வைக்கலாம், இது வராது.

அடுத்து தண்ணீர். மாவு பிசைந்து முடிக்கும்போது 24 டிகிரி இருக்க வேண்டும் என்பது ரொட்டிக்காரர்களின் விதி. கையால் பிசைகிறவர்களுக்குக் கணக்கு சுலபம். அறை, மாவு, தண்ணீர் மூன்றின் சூட்டையும் கூட்டினால் 72 வர வேண்டும். ஏப்ரலில் என் சமையலறை 32. டப்பாவில் இருக்கிற மாவு 31. மிச்சம் 9. ஆக, ஃபிரிட்ஜ் தண்ணீர். முதல் ஆறு மாதம் "வெதுவெதுப்பான நீரில் ஈஸ்டைக் கரைக்கவும்" என்று குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியதை அப்படியே செய்து, இரண்டு மணி நேரத்தில் பொங்கி வழிந்து கள் வாடை அடிக்கிற மாவைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

கலந்து அரை மணி மூடி வைத்த மாவில் உப்பையும் ஈஸ்டையும் சேர்த்து, கையை நனைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் பிசைந்தால் போதும். அப்புறம் அரை மணிக்கு ஒரு தரம், மூன்று தரம், நாலு பக்கமும் இழுத்து மடித்து விடுவது. மூன்றாவது மடிப்பில் மாவு தொட்டால் குழந்தையின் கன்னம் போல இருக்கும். உடனே டப்பாவில் போட்டு மூடி ஃபிரிட்ஜுக்குள். இட்லி மாவு ராத்திரி வெளியே பொங்க வேண்டும், இந்த மாவு ராத்திரி குளிரில் மெதுவாகப் புளிக்க வேண்டும். காலையில் எடுத்தால் ஒன்றரை மடங்கு ஆகியிருக்கும். மேலே ஒன்றிரண்டு குமிழ். மணம் மோரும் அரிசியும் கலந்த மாதிரி.

மொத்தம் 677 கிராம், நாலு துண்டு, துண்டுக்கு 170 கிராம். இங்கேதான் அந்த 1920 விதி கைகொடுக்கிறது. என் ஓடிஜியின் உள்ளகலத்துக்கு 27 சென்டிமீட்டருக்கு மேல் ரொட்டி வைக்க முடியாது. பாரிஸில் இதைக் காட்டினால் சிரிப்பார்கள். ஆனால் 40 சென்டிமீட்டருக்குள், 80 கிராமுக்கு மேல். 1920-இல் சேன் மாவட்டத்தில் இதைத் தாராளமாக பகெத் என்று விற்றிருக்கலாம்.

உருட்டும் வித்தையை எழுத்தில் சொல்லிப் புரிய வைக்க எனக்குத் தெரியவில்லை. தட்டி, மூன்றாக மடித்து, விளிம்பைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, நடுவிலிருந்து இரு பக்கமும் உருட்டி நீட்ட வேண்டும். மேல்தோல் மத்தளத் தோல் மாதிரி விறைப்பாக இருக்க வேண்டும், ஆனால் கிழியக் கூடாது. இருபது தடவை செய்தால் கைக்கு வரும். எனக்கு முப்பது ஆனது.

உருட்டியதை உப்ப வைக்க அங்கே லினன் துணி வைத்திருப்பார்கள். நான் எடுத்தது அப்பாவின் பழைய நாலு முழ வேட்டி. துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி. மேலே அரிசி மாவு தூவினேன். அரிசி மாவுக்கு ஒட்டுகிற குணம் இல்லை, மைதா தூவினால் துணியோடு பசையாகிவிடும். வேட்டியைச் சின்னச் சின்ன வரப்பாக மடித்து, இரண்டு வரப்புக்கு நடுவே ஒரு ரொட்டி. முப்பது நாற்பது நிமிடம். விரலால் அமுக்கினால் குழி மெதுவாக எழும்பி வர வேண்டும். சடாரென்று எழும்பினால் இன்னும் நேரமாகவில்லை, எழும்பவே இல்லை என்றால் கைமீறிப் போய்விட்டது.

கீறுவதற்குத் தனிக் கத்தி விற்கிறார்கள். புது விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சி உருவி, அதில் ஷேவிங் பிளேடைக் கோத்துக்கொண்டால் அதேதான். குறுக்கே வெட்டக் கூடாது. பிளேடைப் படுக்க வைத்த மாதிரி சாய்த்து, ரொட்டியின் நீளவாக்கிலேயே, ஒரு கீறலின் கடைசி மூன்றில் ஒரு பங்கும் அடுத்த கீறலின் தொடக்கமும் பக்கம் பக்கமாக வருகிற மாதிரி மூன்று கீறல். தயங்கினால் மாவு பிளேடோடு வந்துவிடும். அம்மா வாழைப்பூ ஆய்கிற வேகத்தில் கீற வேண்டும்.

இப்போது நீராவி. கண்ணாடிக் கதவைக் காவு கொடுத்தது இதற்காகத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ரொட்டி மொறுமொறுப்பாக வர வேண்டுமென்றால் ஈரமே இருக்கக் கூடாது என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. காய்ந்த அடுப்பில் வைத்துச் சுட்டேன். வெளியே தோல் உடனே இறுகி, கீறல் திறக்காமல், பக்கவாட்டில் எங்கோ வெடித்து, நிறம் சாம்பல் பூத்த மாதிரி வந்தது. கடித்தால் மொறுமொறுப்பு இல்லை, கட்டை. நல்ல மொறுமொறு மேலோட்டுக்கு முதல் பத்து நிமிடம் அடுப்பு இட்லிப் பானை மாதிரி இருக்க வேண்டும். குளிர்ந்த மாவின் மேல் நீராவி பட்டதும் தண்ணீராகிப் படியும். மேல்தோல் ஈரமாக, இழுபடுகிற பதத்தில் இருப்பதால் உள்ளே காற்று விரிய விரிய ரொட்டி எழும்பும், கீறல் வாய் திறக்கும். அந்த ஈரத்தில் மேலே இருக்கிற மாவுச்சத்து வெந்து கூழாகிவிடும். அப்புறம் நீராவியை வெளியேற்றிக் காய்ந்த சூட்டில் விட்டால் அந்தக் கூழ் காய்ந்து மெல்லிய, பளபளக்கிற, விறைப்பான ஓடாகும்.

வேட்டியை உதறிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. இது கஞ்சி போடுவதேதான். வெந்த மாவுச்சத்தைத் துணியில் பூசி வெயிலில் காயப்போட்டால் வேட்டி தகடு மாதிரி நிற்கும், இஸ்திரி போட்டால் பளபளக்கும். பச்சை மாவைக் கரைத்துப் பூசினால் நிற்குமா? வெள்ளையாகத் தூள் தூளாக உதிரும். காய்ந்த அடுப்பில் சுட்ட என் ரொட்டி பச்சை மாவு பூசிய வேட்டி. அதனால்தான் அந்தச் சாம்பல் நிறம்.

புரிந்தது. ஆனால் ஓடிஜியில் நீராவி நிற்காது, இடுக்கு வழியாக எல்லாம் போய்விடும். கொதிநீர்ச் சட்டி வேலை கண்ணாடியோடு முடிந்தது. (கதவு மாற்ற ஆன செலவில் முக்குக் கடையில் எத்தனை ரொட்டி வாங்கியிருக்கலாம் என்று அப்பா கணக்குப் போட்டுச் சொன்னார்.) கடைசியில் விடை கொடுத்தது பிரியாணி. பார்சலில் வந்த ஆழமான அலுமினியம் ஃபாயில் ட்ரேயைக் கழுவி வைத்துக்கொண்டேன். அம்மாவின் கைப்பிடி இல்லாத பழைய இரும்பு தோசைக்கல்லை ஓடிஜிக்குள் வைத்து 250-இல் முக்கால் மணி நேரம் காய விடுவது. கல் மேல் ரொட்டியைச் சரித்து இறக்கி, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால் ட்ரேயின் உட்புறம் மட்டும் தெளித்து, ரொட்டி மேல் கவிழ்த்துவிடுவது. ரொட்டி தன் நீராவியைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளும். ஒன்பது நிமிடம் கழித்து இடுக்கியால் ட்ரேயை எடுத்தால், கீறல்கள் மூன்றும் திறந்து, விளிம்பு ஒன்று மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். அப்போது நிறம் வெளுப்புதான். இன்னும் பத்து நிமிடம் திறந்த சூட்டில். தேன் நிறத்தில் பயந்து எடுத்துவிடாதீர்கள், கருப்பட்டி நிறத்துக்குக் கொஞ்சம் முன்னால் எடுங்கள்.

கம்பித் தட்டில் வைத்தால் ஓரிரு நிமிடத்தில் படபடவென்று சின்னச் சத்தம் வரும். ஓடு குளிர்ந்து சுருங்கி விரிசல் விடுகிற சத்தம். கடுகு தாளித்து முடிந்த பிறகு கடைசியாக வெடிக்கிற ரெண்டு கடுகு மாதிரி.

இதற்கு மேல் நடப்பதுதான் சென்னை. காலை பதினொரு மணிக்குச் சுட்டதை மத்தியானம் சாப்பாட்டுக்கு வைத்திருந்தேன். ஓடு நமத்துவிட்டது. பாரிஸிலும் இதே கதைதான், அங்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும், இங்கே ஒன்றரை. ஓடு காய்ந்திருக்கிறது, உள்ளே ஈரம் இருக்கிறது, அந்த ஈரம் மெல்ல வெளியே வரும். வெளியே கடற்காற்று வேறு காத்துக்கொண்டிருக்கிறது. அப்பளத்துக்கு நடப்பதுதான். அவர்கள் ஏன் தினம் இரண்டு தடவை வரிசையில் நின்றார்கள் என்பது நங்கநல்லூர் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடினால் இன்னும் மோசம். ஃபிரிட்ஜில் வைத்தால் உள்பாகம் விறைத்துப் போகும். மாவுச்சத்து அந்தக் குளிரில்தான் வேகமாக இறுகும். நமத்ததை மீட்க ஒரே வழி, மேலே லேசாகத் தண்ணீர் தெளித்து 220-இல் நாலைந்து நிமிடம் காட்டுவது. அதுவும் ஒரு தடவைதான் பலிக்கும்.

அதனால் இப்போது நாலையும் ஒன்றாகச் சுடுவதில்லை. தோசைக்கல்லில் ஒரு நேரத்தில் ஒன்றுதானே வைக்க முடியும்? முதலில் அது எனக்குக் குறையாகத் தெரிந்தது. மிச்ச மூன்றையும் உருட்டாமல் ஃபிரிட்ஜிலேயே விட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்று, மத்தியானம் ஆட்டுக்கால் பாயாவுக்கு ஒன்று, திங்கள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து ரெண்டு. கடைசியாகச் சுடுகிறது எப்போதும் மணம் கூடுதல், இரண்டு ராத்திரி புளித்திருப்பதால்.

போன ஞாயிறு முதல் ரொட்டியை வெளியே எடுத்துக் கம்பியில் வைத்ததும் அம்மா முனையை ஒடிக்கக் கை நீட்டினாள். "ஆறட்டும்மா, உள்ளே ஈரம் இறங்கணும்" என்றேன். "தோசைய ஆற வெச்சா திங்கிறோம்?" என்று ஒடித்துவிட்டாள். முனை போன ரொட்டி டைனிங் டேபிளுக்கு வந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த அரிசி மாவைத் தட்டினார். வேட்டி விஷயம் அவருக்குத் தெரியும், எதுவும் சொல்லவில்லை. ஒரு துண்டு பிய்த்து, டபராவிலிருந்த ஃபில்டர் காபியில் முக்கினார். பாதி நாள் பாடுபட்டு வரவழைத்த ஓடு ஒரு நொடியில் தொளதொளவென்று ஆனது. பாரிஸில் காலையில் கிண்ணம் நிறையப் பால் காபி வைத்துக்கொண்டு அவர்கள் செய்வதும் அச்சு அசல் இதேதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"இதுக்கா ரெண்டு நாள்?" என்றார், மென்றுகொண்டே. அப்புறம் இன்னொரு துண்டைப் பிய்த்து டபராவில் விட்டார்.